தூங்கும் காரை எழுப்பும் முன்...

எத்தனையோ வீடுகளில் பார்த்திருப்பீர்கள். வாசல் ஷெட்டிலோ, கொல்லைப்புறத் தாழ்வாரத்திலோ தார்ப்பாயை இழுத்து மூடி ஒரு பழைய கார் நிற்கும். தாத்தா ஓட்டியது, மாமனார் ஆசைப்பட்டு வாங்கியது என்று கூடவே ஒரு கதையும் இருக்கும். அதன் தலையில் பழைய பாய், உடைந்த தொட்டில், வடாம் காய வைக்கும் முறம் என்று ஒவ்வொன்றாக ஏறிக் கொண்டே போகும். விற்க மனசு வராது. ஓட்ட வழி இருக்காது. வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜையன்று மட்டும், அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து விட்டு மறுபடியும் மூடி விடுவோம்.

இப்படி வருஷக்கணக்கில் நின்ற காரை மறுபடி ஓட வைக்க முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை தவறினால் பணமும் போகும், ஆபத்தும் வரும்.

"இதெல்லாம் ஆண்கள் சமாசாரம் ஆயிற்றே, உனக்கு எதற்கு?" என்கிறீர்களா? அந்த ஷெட்டைப் பெருக்குகிறவள் யார்? அதைச் சுற்றி ஒளிந்து பிடித்து விளையாடுவது யார் வீட்டுக் குழந்தைகள்? வண்டி ஓடத் தொடங்கியதும் பின் சீட்டில் பிள்ளைகளோடு உட்காரப் போகிறவள் யார்? எல்லாம் நாம்தானே! அதனால்தான் எங்கள் வீட்டு வண்டியை எழுப்பிய அனுபவத்தை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

எங்கள் வீட்டுப் பத்மினி

எங்களுடையது 1978-ஆம் வருஷத்துப் பிரீமியர் பத்மினி. 'ஃபியட்' என்றால்தான் நம்மவர்களுக்குப் புரியும். இத்தாலி நாட்டு ஃபியட் 1100 காரை 1964 முதல் பம்பாய் குர்லாவில் செய்து வந்தார்கள். 1974 வாக்கில் அதற்குச் சித்தூர் ராணியின் பெயரை வைத்தார்கள். 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். காருக்குப் பணம் கட்டி விட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. என் மாமனார் கும்பகோணத்தில் நெல் மண்டி வைத்திருந்தார். அவரும் அப்படிக் காத்திருந்து வாங்கியவர்தான்.

2011-ல் அவர் காலமானார். அதோடு வண்டியும் நின்றது. பதிமூன்று வருஷம் கழித்து, 2024-ல், பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து 22,000 ரூபாய்க்குக் கேட்டார். என் கணவர் பாதி சம்மதித்து விட்டார். என் மாமியார் அதிகம் பேசுகிறவர் இல்லை. "உன் நாத்தனாரைப் பெத்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததே அந்த வண்டியிலதாம்மா" என்று மட்டும் சொல்லி விட்டு உள்ளே போய் விட்டார். அதற்கு மேல் விற்பதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

சாவியைத் தொடாதீர்கள்

நின்ற வண்டியைப் பார்த்ததும் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை, புது பாட்டரியை மாட்டிச் சாவியைத் திருகிப் பார்ப்போமே என்பதுதான். என் மகனும் அப்படித்தான் துடித்தான். கூடவே கூடாது!

பல வருஷம் அசையாமல் கிடந்த எஞ்சினுக்குள் எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து போயிருக்கும். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃப் மோட்டார் கொடுத்து வலுவில் சுற்றினால் வளையம் உடையும், சுவர் கீறும். எலி கடித்த ஒயர்களில் மின்சாரம் பாய்ந்தால் வண்டியே பற்றிக் கொள்ளும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

எங்களுக்குக் கிடைத்த மெக்கானிக் எழுபது வயதுப் பெரியவர். எல்லோரும் 'பாய்' என்றே கூப்பிடுவார்கள். இளவயதிலிருந்து ஃபியட்டிலேயே கை பழகியவர். வந்த முதல் நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூக்கை வைத்து முகர்ந்தார். ஒரு ஸ்பானரைக்கூட எடுக்கவில்லை. "முதல்ல சுத்தம் பண்ணி வைங்கம்மா. நாளைக்கு வரேன்" என்று சொல்லி விட்டுப் போய் விட்டார். எனக்கு அப்போதே அவர் மேல் நம்பிக்கை வந்து விட்டது.

எலிகளின் அரண்மனை

பானட்டைத் திறந்தால் தேங்காய் நார், கந்தல் துணி, எலிப் புழுக்கை! பின் சீட்டுப் பஞ்சு முழுவதும் கூடாகி இருந்தது. இந்த இடத்தில்தான் இல்லத்தரசிகள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். துடைப்பத்தை எடுத்துப் பரபரவென்று பெருக்கி விடாதீர்கள். அந்தத் தூசி மூச்சில் ஏறும். எலியின் சிறுநீரில் எலிக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இருக்கலாம். கையிலோ காலிலோ சிராய்ப்பு இருந்தால் அதன் வழியாக உள்ளே நுழைந்து விடும்.

நாங்கள் செய்தது இதுதான். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அரை நாள் திறந்து போட்டோம். ரப்பர் கையுறை, மூக்கை மூடும் முகக்கவசம், காலில் செருப்பு. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைக் கூட்டின் மேல் நன்றாகத் தெளித்து அரை மணி நேரம் ஊற விட்டோம். பிறகு ஈரத்தோடு அள்ளிப் பையில் கட்டினோம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவிக் குளியல். பாம்பு, தேள் பயமும் உண்டு. ஆகவே நீண்ட குச்சியால் தட்டிப் பார்க்காமல் சீட்டுக்கு அடியில் கை விட வேண்டாம். இந்த வேலை முடியும் வரை குழந்தைகளுக்கு ஷெட் பக்கம் வேலையே இல்லை.

எஞ்சினுக்கு எண்ணெய்க் குளியல்

மறுநாள் பாய் நான்கு பிளக்குகளையும் கழற்றினார். ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு இரண்டு நாள் ஊறப் போட்டார். தீபாவளிக்கு முதலில் எண்ணெய் வைத்து ஊற விட்டுத்தானே வெந்நீர் ஊற்றுகிறோம், அது மாதிரி! பிறகு முன்னால் இருக்கிற புல்லி நட்டில் ஸ்பானரை மாட்டிக் கையாலேயே மெல்லத் திருப்பினார். முதலில் அசையவில்லை. முன்னும் பின்னுமாக இம்மி இம்மியாக அசைத்து, மூன்றாம் நாள் எஞ்சின் முழுச் சுற்றுச் சுற்றியது. அந்த 'புஸ்' என்ற காற்றுச் சத்தத்தைக் கேட்டு பாய் முகத்தில் முதல் சிரிப்பு!

அடுத்துப் பழைய ஆயிலை வடித்தார். தார் மாதிரி இறங்கியது. புது ஆயில், புது ஃபில்டர். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவோ கரையானுக்கு மருந்தென்று செடியடியில் கொட்டவோ கூடாது. டப்பாவில் மூடி ஒர்க்ஷாப்பிலேயே சேர்த்து விட வேண்டும்.

பழைய பெட்ரோல், பொல்லாத பெட்ரோல்

பத்மினியின் பெட்ரோல் டாங்க் டிக்கிக்குள் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனையே இல்லை. வார்னிஷ் வாசனைதான் வந்தது. நாள்பட்ட பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி விடும். அதோடு ஸ்டார்ட் செய்தால் கார்பரேட்டரின் நுண்ணிய துவாரங்கள் அடைத்துக் கொள்ளும். காஸ் அடுப்பு பர்னரில் பால் பொங்கி அடைத்துக் கொள்வதை நினைத்துக் கொள்ளுங்கள்.

டாங்கைக் கழற்றித் துரு நீக்கி, கார்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, ஏ.சி. பம்பின் ஜவ்வையும் எல்லா ரப்பர் டியூபையும் புதிதாகப் போட்டார்கள். ரப்பர் விஷயத்தில் சிக்கனம் கூடாது. இப்போது நாடெங்கும் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறி, உப்பி, வெடித்துக் கசியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வண்டியை மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதீர்கள்.

டாங்கிலிருந்து பெட்ரோல் எடுக்க வாயால் உறிஞ்சும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அறவே கூடாது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் நிமோனியா மாதிரி கடுமையான பாதிப்பு வரும். குழந்தை தெரியாமல் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ குடித்து விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்! வாந்தி வரும்போதுதான் அது நுரையீரலுக்குள் இறங்கும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுங்கள். பெட்ரோலை ஒருநாளும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பூஜை விளக்கு, அடுப்பு பக்கமெல்லாம் அதற்கு ஆகாது.

தீப்பொறியும் தண்ணீரும்

எலி கடித்த ஒயர்களை எல்லாம் எலெக்ட்ரீஷியன் மாற்றிய பிறகுதான் புது பாட்டரி வந்தது. பழைய பாட்டரியில் ஈயமும் ஆசிடும் இருக்கும். அதைத் தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் போடாமல் பாட்டரிக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக் கொண்டோம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் பூத்துப் போயிருந்தது. பாயிண்ட், கண்டன்சர், பிளக் மூன்றும் புதிது. இவை விலை குறைந்த சாமான்கள்தான். இருந்தாலும் இவை சரியில்லாவிட்டால் தீப்பொறி வராது. தீப்பொறி இல்லாமல் எஞ்சின் ஏது?

ரேடியேட்டரில் வெந்நீர்த் தவலை மாதிரி உப்புப் படிந்திருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து ஹோஸ்களை மாற்றினார்கள். இதில் ஊற்றும் கூலன்ட் பலவற்றில் இனிப்புச் சுவையுள்ள விஷம் இருக்கிறது. கலர் தண்ணீர் என்று குழந்தை வாய் வைத்து விடும். நாய் பூனை நக்கி விடும். சிந்தினால் உடனே கழுவி விடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இத்தனையும் ஆன பிறகு வண்டியை ஷெட்டை விட்டு வாசலுக்குத் தள்ளிக் கொண்டு வந்தோம். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஆளை மயக்கி உயிரையே வாங்கி விடும். பக்கத்தில் ஒரு வாளி மணலும் தீயணைப்புக் கருவியும் வைத்தோம். சோக்கை இழுத்து பாய் சாவியைத் திருகினார். இரண்டு தரம் இருமியது. மூன்றாவது தரம் குபுகுபுவென்று நீலப் புகை விட்டுக் கொண்டு கிளம்பி விட்டது! சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிகிற புகை அது; சிறிது நேரத்தில் அடங்கியது. தெருவே கூடி விட்டது. என் மாமியார் திண்ணைத் தூணைப் பிடித்துக் கொண்டு நின்றிருந்தார்.

ஓடுவதற்கு முன் நிற்கட்டும்

வந்தது வினை இங்கேதான். அந்த வாரம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். "தாத்தா வண்டியிலதான் பொண்ணு மண்டபத்துக்கு வரணும்" என்று என் மகன் ஒற்றைக் காலில் நின்றான். பாய்க்கு உதவியாக வந்த இளம் மெக்கானிக் ஒருவரும், "வண்டிதான் ஓடுதே அக்கா, பிரேக்கை ரெண்டு தரம் மிதிச்சா பிடிக்குது. மெதுவா ஓட்டினா போச்சு. கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்றார்.

நான் பாய் முகத்தைப் பார்த்தேன். "நீங்க என்ன சொல்றீங்க பாய்?" அவர் என்னை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொன்னார். "பிரேக்கை மிதிச்சு அப்படியே அழுத்திப் பிடிங்கம்மா." மிதித்தேன். முதலில் பிடித்த மாதிரி இருந்தது. பிறகு என் காலோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டு விட்டது.

எங்கள் தெருக் கோடியில் பள்ளிக்கூடம் இருக்கிறது. மண்டபத்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். "பிரேக் சரியாகாம இந்த வண்டி தெருவுல இறங்காது" என்று சொல்லி விட்டேன். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டான். நாத்தனாருக்கும் கொஞ்சம் மனஸ்தாபம்தான். கல்யாணப் பெண் வாடகைக் காரில் போனாள்.

மறுநாள் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தபோது என்ன தெரிந்தது தெரியுமா? பின் சக்கரங்கள் இரண்டிலும் வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. முன் சக்கரம் ஒன்றில் கசிவு. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர், நாள்பட்ட பிரஷர் குக்கர் காஸ்கெட் மாதிரி விறைத்துப் போயிருந்தது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியாகத்தான் போகும். ஓரிடத்தில் டியூப் விட்டால் நான்கு சக்கரத்திலும் பிரேக் கிடையாது! அதையெல்லாம் பார்த்த பிறகு என் மகன் வாயைத் திறக்கவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர் விடுகிறதே, அப்படி. அந்த ஈரம் உள்ளேயிருந்து துருப்பிடிக்க வைக்கும். வண்டி நின்றாலும் பிரேக் கெட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் டியூப், லைனர் என்று அத்தனையும் மாற்றினோம். சாமான்கள் இங்கே கிடைக்காமல் சென்னை புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கும் ஆள் அனுப்பி வாங்கியதில் இரண்டு வாரம் ஓடி விட்டது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆகவே அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்கச் சொல்ல வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்தாக வேண்டும்.

டயர்கள் பார்வைக்குப் பட்டன் தேயாமல்தான் இருந்தன. ஆனால் பக்கச் சுவரில் வெடிப்பு. 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் நான்கு இலக்க எண் இருக்கும். '1510' என்றால் 2010-ஆம் வருஷத்துப் பதினைந்தாவது வாரம் செய்தது என்று அர்த்தம். ரப்பருக்கும் வயசாகும். ஸ்டெப்னியோடு ஐந்தையும் மாற்றினோம். சீட் பெல்ட் இல்லாத வண்டியாதலால் புதிதாகப் போட்டோம்.

காகிதமும் கணக்கும்

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம். பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று. 2025 ஆகஸ்டில் 20 வருஷத்தைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் தனி. 2021-ல் வந்த விதிப்படி 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய வண்டிக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்த வண்டியைத் தினப்படி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. பெரியவர் பெயரிலேயே ஆர்.சி. புத்தகம் இருந்தால் வாரிசுப் பெயருக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. அது ஆகாமல் எஞ்சினில் காசு போடாதீர்கள்.

எங்களுக்கு ஆன செலவு: டயர்கள் 17,000; மெக்கானிக் கூலி 12,000; பிரேக் 9,500; ஒயரிங் 8,000; டாங்க், கார்பரேட்டர், பம்ப் 6,500; பாட்டரி 4,800; ரேடியேட்டர் 3,500; ஆயில், பிளக் வகையறா 2,500. மொத்தம் 63,800 ரூபாய். பெயிண்டும் காகிதச் செலவும் இதில் சேரவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். வண்டியை விற்றால் இந்தப் பணம் திரும்பாது. ஆகவே பீஸ் கட்டவோ வைத்தியத்துக்கோ வைத்த பணத்தை இதில் இறக்காதீர்கள். அடிச்சட்டம் துருவில் அரித்துப் போயிருந்தாலும் மேற்கொண்டு போக வேண்டாம். விடுவதென்று தீர்மானித்தால் அரசு அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்து விடுங்கள். பதிவு உயிரோடிருந்தால் அந்த நம்பரை வைத்து யார் என்ன செய்தாலும் கேள்வி உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

நாங்கள் வைத்துக் கொண்டதில் வருத்தமில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் மாமியார் முன் சீட்டில் பெல்ட் போட்டுக் கொண்டு நாகேஸ்வரன் கோவிலுக்குப் போய் வருகிறார். "உங்க மாமா இவ்வளவு மெதுவா ஓட்ட மாட்டாரு" என்று ஒவ்வொரு தடவையும் குறை சொல்கிறார்!

நினைவில் வைக்க வேண்டிய வரிசை:

1. ஆர்.சி. யார் பெயரில் என்று பாருங்கள்.
2. எலிக் கூட்டை நனைத்த பிறகே அள்ளுங்கள்.
3. எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கும் வரை சாவி வேண்டாம்.
4. பழைய ஆயிலும் பெட்ரோலும் வெளியே. புது ரப்பர் உள்ளே.
5. ஒயர்களைச் சோதித்த பிறகே பாட்டரி.
6. வெட்டவெளியில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.
7. பிரேக்கை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் மிதி இறங்கக் கூடாது. இறங்கினால் எங்கோ கசிகிறது. பஞ்சை மிதிப்பது போலிருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.
8. எழுப்பிய வண்டியை மறுபடி தூங்க விடாதீர்கள். வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.